துஷாந்தி முதலியோர்

லிங்கநகர், திருகோணமலை
12 பெப்ரவரி 2024

கலாநிதி துஷாந்தி அவர்களுக்கு,

வணக்கம். எட்டு வருடம் கதை பேச்சில்லாமல் இருந்துவிட்டு ஒரு படிவத்தோடு வருகிறேன். அதற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதினேன். பிறகு அதை வெட்டிவிட்டேன். காரியத்துக்கு வருகிறேன்.

பேராசிரியர் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கிறேன். நான் இந்த வளாகத்தில் மத்தியகால வரலாறு படிப்பிக்கத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேலாகிறது. எங்கள் துறையில் இன்னும் ஒரு பேராசிரியர் இல்லை. ஒருவர் இருந்தால்தான் ஆய்வுப் பட்டத்துக்கு இங்கேயே மாணவர்களை எடுக்கலாம். தோப்பூரிலிருந்து வருகிற பிள்ளை ஒருத்தி அதற்காகவே காத்திருக்கிறாள். இப்போது புது ஒழுங்கு ஒன்று போட்டிருக்கிறார்கள். என்ன எழுதினோம் என்பது மட்டும் போதாது. அதை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், யாரோடு சேர்ந்து எழுதினோம் என்றெல்லாம் அளந்து புள்ளி போடுவார்களாம்.

நூலகத்தில் உதவி நூலகராக இருக்கிற நுஸ்கி என் கணக்கை எடுத்துத் தந்தார். இரண்டு கிழமை கணினிக்கு முன்னால் இருந்தவர், அறிக்கையைக் கையில் தரும்போது சங்கடப்பட்டுக்கொண்டு நின்றார்.

"மெடம், ஒரு விசயம் சொல்லட்டா? உங்கட மேற்கோளில பாதிக்கு மேல ஒரே ஒரு கட்டுரைக்குத்தான் வந்திருக்கு."

எந்தக் கட்டுரை என்று நான் கேட்கவில்லை.

சல்லி ஊர்க் கல்வெட்டைப் பற்றிய கட்டுரை. முதலில் உங்கள் பெயர், இரண்டாவதாக என் பெயர், மூன்றாவதாக உங்கள் பேராசிரியரின் பெயர். மூன்று பெயர் என்பதால் உலகம் முழுவதும் அதை 'துஷாந்தி முதலியோர்' என்றே குறிப்பிடுகிறது. என் ஆயுளில் நான் செய்த மிகப் பெரிய வேலை எது என்று ஒரு அறிக்கை சொல்கிறது. அந்த வேலையில் என் பெயர் 'முதலியோர்'.

கூட்டாக எழுதிய கட்டுரைக்கு ஒவ்வொருவருடைய பங்கும் எத்தனை வீதம் என்று எழுதி, எல்லோரும் கையொப்பம் வைக்க வேண்டும். பிரதி செல்லாது, அசல் வேண்டும். பாதிக்கு மேற்பட்ட பங்கு உள்ளவருக்குத்தான் முழுப் புள்ளி. எனக்கு அறுபது, உங்களுக்கு முப்பது, பேராசிரியருக்குப் பத்து என்று நிரப்பியிருக்கிறேன். கல்லைக் கண்டுபிடித்தது நான். எழுத்தைத் தாளில் மையால் ஒற்றி மைப்படி எடுத்தது நான். நான்காவது வரியில் அந்தச் சொல்லை வாசித்ததும் நான். பேராசிரியர் தனக்கு எந்த எண்ணும் சம்மதம் என்று எழுதிவிட்டார்.

ஏப்ரல் முப்பது கடைசி நாள்.

இப்படிக்கு,
சுலோஜனா


லெய்டன், நெதர்லாந்து
1 மார்ச் 2024

சுலோஜனா அவர்களுக்கு,

உறை வந்தது. கூரியர்காரன் படியில் நின்று கையொப்பம் கேட்டபோது, ஊரிலிருந்து யாரோ பலகாரம் அனுப்பியிருக்கிறார்கள் என்று சந்தோசப்பட்டேன். பிரித்துப் பார்த்தால் எனக்கு முப்பது வீதம்.

என்னால் கையொப்பம் போட ஏலாது.

நாம் முதலில் அனுப்பிய பிரதி திரும்பி வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மூன்று பேர் வாசித்துக் கருத்துச் சொல்லியிருந்தார்கள். ஒருவர், கல்லைத் தவிர மற்றதெல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னார். நான் உங்களுக்கு ஐந்து மின்னஞ்சல் போட்டேன். நாலுக்குப் பதிலே இல்லை. ஐந்தாவதுக்கு ஒரே ஒரு வரி வந்தது. "எனக்கு இப்போது நேரமில்லை, உமக்கு விருப்பமான மாதிரிச் செய்யும்." எனக்கு விருப்பமான மாதிரிச் செய்தேன். ஏழு மாதம். சோழ நாட்டுத் துறைமுகங்கள், கேரளக் கரை, சுமத்ரா எல்லாவற்றிலும் இருந்த வணிகக் குழுக்களின் கல்வெட்டுகளைத் தேடி எடுத்து ஒப்பிட்டது நான். என் பெயரை முதலில் போட்டது ஏன் என்று நீங்கள் அப்போதும் கேட்கவில்லை. ஒரேயடியாகக் கதையை நிறுத்தினீர்கள். இப்போது சொல்கிறேன். வேலை செய்தவளின் பெயர் முன்னுக்கு வந்தது. இன்றைக்கும் அப்படித்தான் போடுவேன்.

இன்னொன்று. நான் இங்கே பெரிய கதிரையில் இருக்கிறேன் என்று நினைக்கிறீர்கள் போல. ஒன்பது வருடமாக ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தம். கடைசி ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறது. நிரந்தரமான இடம் ஒன்று வந்திருக்கிறது, விண்ணப்பித்திருக்கிறேன். இங்கேயும் அளக்கிறார்கள். நான் யாரோடெல்லாம் சேர்ந்து எழுதினேன் என்று புள்ளியும் கோடுமாக ஒரு படம் வரைந்து தந்தார்கள். எல்லாவற்றிலும் தடித்த கோடு உங்களிடம் போகிறது. 2016 இல் அது நின்றுவிடுகிறது. "இவர் யார்? ஏன் இது நின்றுபோனது?" என்று ஆய்வு அலுவலகத்துப் பெட்டை கேட்டாள். நான் வேறு எதையோ கதைத்துச் சமாளித்தேன்.

அந்தக் கட்டுரைக்குத் தலைமை நான்தான் என்று காட்டினால்தான் எனக்கு அந்த இடம். முப்பது வீதம் என்று என் கையொப்பத்தோடு ஒரு கடதாசி உலகத்தில் இருந்தால் நான் எப்படிக் காட்டுவது?

கடைசியாக, அந்தச் சொல்லை வாசித்தது நான். கிணற்றடிச் சேற்றில் குப்புறப் படுத்துக்கொண்டு வாசித்தேன். அந்தச் சட்டையின் கறை கடைசிவரை போகவில்லை.

துஷாந்தி


லிங்கநகர்
14 மார்ச் 2024

துஷாந்தி,

நாள் குறைவு. அதனால் இதை மின்னஞ்சலில் அனுப்புகிறேன்.

சொல்லை வாசித்தது யார் என்பதை முதலில் தீர்ப்போம். ஏனென்றால் கட்டுரையே அந்தச் சொல்தான். எங்களுக்கு முன்னால் அந்த மாதிரிக் கல்வெட்டுகளைப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் 'கடமை' என்று வாசித்துவிட்டுப் போனார்கள். கடமை என்றால் அரசனுக்குக் கட்டும் வரி. நாம்தான் அது 'மகமை' என்றோம். வியாபாரிகள் தங்கள் வருமானத்தில் தாங்களாகவே பொதுக் காரியத்துக்கு ஒதுக்கி வைத்த பங்கு. வரி என்றால் துறைமுகம் அரசனுடையது. மகமை என்றால் அது வியாபாரிகளின் கையில் இருந்தது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் உலகம் நம்மை மேற்கோள் காட்டுகிறது.

நான் கைக்கண்ணாடியைச் சரித்து வெயிலைக் கல்லில் விழுத்தினேன். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்தது. முதல் எழுத்து ம என்று நான் சொன்னேன். இது எனக்கு நேற்று நடந்தது மாதிரி இருக்கிறது.

உமக்கும் நேற்று நடந்தது மாதிரித்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை சல்லிக்குப் போனேன். யோகம்மாவை நினைவிருக்கிறதா? அவருடைய கிணற்றடியில்தானே அந்தக் கல் துணி தோய்க்கிற கல்லாகக் கிடந்தது. இப்போது மகன் வீட்டைக் கட்டிப் பெருப்பித்திருக்கிறான். கல்லைத் தொல்பொருள் திணைக்களம் கொண்டுபோனதில் அவருக்கு இன்னும் மனத்தாங்கல். அதுக்குப் பிறகு வந்த சீமெந்துக் கல்லில் ஊத்தை போவதில்லையாம்.

நான் கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"ஆர் வாசிச்சதெண்டு எனக்கென்னெண்டு பிள்ளை தெரியும்? ரெண்டு பேரும் ஒண்டாக் கத்தினீங்கள். பாம்பு கடிச்சுப்போட்டுதாக்கும் எண்டு நான் அடுப்பில சொதியை விட்டுட்டு ஓடி வந்தனான். சொதி திரைஞ்சு போச்சு. உங்களில ஆர் கெட்டிக்காரி எண்டு நான் அப்ப பாக்கேல்லை."

ஆக, சாட்சியும் இல்லை.

அந்த ஏழு மாதத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர். நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வரி அனுப்பினேன் என்று குற்றம் சொல்கிறீர். அந்த வரியை நான் எங்கே இருந்து எழுதினேன் என்று நீர் ஒருநாளும் கேட்டதில்லை.

சுலோஜனா


லெய்டன்
16 மார்ச் 2024

சுலோ,

இப்போது கேட்கிறேன். எங்கே இருந்தீர்?

துஷா


லிங்கநகர்
25 மார்ச் 2024

துஷாந்தி,

பதில் எழுத ஒரு கிழமைக்கு மேல் எடுத்துவிட்டது. இதை நான் யாருக்கும் எழுதியதில்லை, அதனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

மகரகமவில் இருந்தேன். புற்றுநோய் ஆஸ்பத்திரியில், பிள்ளைகளின் வார்ட்டுக்கு வெளியே ஒரு வாங்குப் பலகையில்.

நீர் நெதர்லாந்துக்குப் போனபோது கஜந்திக்கு ஐந்து வயது. அடுத்த தைப்பொங்கலுக்குப் பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. விடுகிற மாதிரி இல்லை. காலில் நீலம் நீலமாகக் கண்டியது. விழுந்திருப்பாள் என்று நினைத்தோம். இங்கே இரத்தம் சோதித்துப் பார்த்துவிட்டு அன்றைக்கே கொழும்புக்கு அனுப்பினார்கள். இரத்தப் புற்றுநோய். அந்த வருடத்தில் பெரும்பகுதியை நான் அங்கேதான் கழித்தேன். சிவரூபன் துறைமுகத்தில் வேலையை விட முடியாமல், கிழமை முடிவில் பஸ் ஏறி வந்து போனார். சோறு, உடுப்பு, காசு எல்லாம் அவர் கொண்டுவர வேண்டும். மற்றத் தாய்மாரோடு நானும் பாயில் படுத்தேன். சிங்களம் அங்கேதான் பழகினேன்.

உம்முடைய ஐந்தாவது மின்னஞ்சல் வந்தபோது உள்ளே அவளுக்கு முதுகெலும்பில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னை வெளியே விட்டுவிட்டார்கள். அவள் கத்துவது கேட்டது. கையை என்ன செய்வதென்று தெரியாமல் சிவரூபன் என்னிடம் விட்டுப்போன போனை எடுத்துப் பார்த்தேன். அந்த வரியை அப்போதுதான் எழுதினேன். எழுதிவிட்டு அனுப்பினேனா இல்லையா என்றுகூடப் பிறகு எனக்கு ஞாபகம் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர். சொன்னால் நீர் அழுதிருப்பீர், ஆறுதல் சொல்லியிருப்பீர். எனக்கு ஆறுதல் சொன்ன ஒவ்வொருவரும் பிள்ளை போய்விடுவாள் என்று முடிவெடுத்துவிட்டுச் சொல்கிற மாதிரி இருந்தது. அந்த வருடம் முழுவதிலும் வருத்தம் நுழையாத ஒரே இடம் நம்முடைய கட்டுரை. அதை அப்படியே வைத்திருக்க ஆசைப்பட்டேன்.

பிறகு அது அச்சில் வந்தது. பிள்ளைக்கு மயிர் திரும்ப முளைத்துக்கொண்டிருந்த நேரம். என் பெயர் இரண்டாவதாக இருந்தது. உண்மையைச் சொன்னால், கோபப்பட எனக்கு ஒரு ஆள் கிடைத்தது. நோயோடு கோபிக்க ஏலாது. உம்மோடு ஏலும்.

கஜந்திக்கு இப்போது பதினைந்து வயது. சுகம். வலைப்பந்து விளையாடுகிறாள், என்னோடு எதிர்த்துக் கதைக்கிறாள், குசினிப் பக்கம் வருவதே இல்லை.

படிவத்தை விட்டுவிடும். அந்தக் கட்டுரையைச் சேர்க்காமலே விண்ணப்பிக்கிறேன். கிடைத்தால் கிடைக்கட்டும்.

சுலோ


லெய்டன்
3 ஏப்ரல் 2024

சுலோ,

உம்முடைய கடிதத்தை ரயிலில் வாசித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. அடுத்த ஊரில் இறங்கி, மேடையில் குளிரில் நின்று திரும்பவும் வாசித்தேன்.

எனக்கு உம்மோடு கோபம். பழைய கோபம் இல்லை, இது வேறு. எனக்குச் சொல்லாமல் விடுவதற்கு உமக்கு என்ன உரிமை? அந்தப் பிள்ளைக்குப் பென்சில் பிடிக்கக் காட்டிக்கொடுத்தது நான். நான் போகும்போது என் சூட்கேசுக்குள் ஏறி இருந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று நின்றவள். அவள் ஊசிக்குக் கத்திக்கொண்டிருக்க, நான் இங்கே இருந்து கட்டுரை கட்டுரை என்று மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். என்னை அப்படி ஒரு ஆளாக ஆக்கிவிட்டீரே. ஆறுதல் சொல்லாதே என்று சொல்லியிருந்தால் சொல்லாமல் இருந்திருப்பேன். சும்மா ஏதாவது கதைத்திருப்பேன். எனக்கு அது நன்றாக வரும் என்று உமக்குத் தெரியாதா?

சரி. எழுதிக்கொண்டு போனால் இன்னும் ஏசுவேன்.

படிவத்தை இதோடு கூரியரில் அனுப்புகிறேன். முன்னையதைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்துக் கையொப்பம் வைத்திருக்கிறேன். பேராசிரியரிடமும் நேரில் போய் வாங்கிவிட்டேன். வீதம் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. நீரே நிரப்பும். நீர் எதை எழுதினாலும் எனக்குச் சம்மதம். அறுபது என்றாலும் சரி.

நான் இரக்கப்பட்டுத் தருவதாக நினைக்க வேண்டாம். பெயர் வைத்த ஒழுங்கை நான் இப்போதும் பிழை என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லையும் நான்தான் வாசித்தேன். ஆனால் அந்தப் படிவத்தை நீர் நிரப்புவதைவிட நான் நிரப்பினால்தான் சரியாக இருக்கும் என்று எனக்கு இப்போது சொல்லத் தெரியவில்லை.

கஜந்தியின் படம் ஒன்று அனுப்பும்.

துஷா


லிங்கநகர்
22 ஏப்ரல் 2024

துஷா,

படிவம் சித்திரைப் புத்தாண்டு கழிந்து வந்தது. நாலு நாள் அலுமாரிக்குள் வைத்துவிட்டுத் திரிந்தேன். நீர் எனக்குச் செய்தது உதவியா தண்டனையா என்று விளங்கவில்லை. நீர் அந்த முப்பதை எதிர்த்துச் சண்டை பிடித்துக்கொண்டே இருந்திருந்தால் நான் அறுபதை விட்டிருக்க மாட்டேன்.

இன்றைக்கு நுஸ்கியின் அறையில் இருந்து நிரப்பினேன். வெறும் இடத்தைக் கண்டவுடன் அவருக்குப் பெரிய சந்தோசம்.

"அப்ப என்ன மெடம், அறுபது எண்டு போடுங்க. அவங்களே சம்மதிச்சிட்டாங்க. ஆரு வந்து பாக்கப் போறா?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. ஐம்பத்தொன்று போட்டிருந்தாலும் போதும். பேனையை எடுத்தேன். சொல்லை நான்தான் வாசித்தேன் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். நீர்தான் வாசித்தீர் என்று உமக்கும் அதே உறுதி. கல்லைக் கண்டது நான், அதில் உமக்குப் பேச்சில்லை. எழுதி முடித்தது நீர், அதில் எனக்குப் பேச்சில்லை. இதை எந்தத் தராசில் வைப்பது? எனக்கு நாற்பத்தைந்து என்று எழுதினேன். உமக்கும் நாற்பத்தைந்து. பேராசிரியருக்குப் பத்து.

நுஸ்கி படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு கூட்டிப் பார்த்தார். "ஒண்டரைப் புள்ளி குறையுது மெடம்" என்றார். நேர்முகத்தில் கூட்டிப் போடுவார்கள் என்று அவரே எனக்கு ஆறுதலும் சொன்னார். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன்.

உம்முடைய தேவைக்கு இதே எண்களோடு இன்னொரு படிவம் கையொப்பம் வைத்து அனுப்புகிறேன். உமக்கு இது போதாது என்று தெரியும். எனக்கும் போதாது.

படம் இருக்கிறது. நடுவில் பந்தோடு நிற்பவள்தான் அவள். சிரிக்கச் சொன்னோம், சிரிக்கவில்லை.

சுலோ


லெய்டன்
8 ஜூலை 2024

சுலோ,

எனக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

நேர்முகத்தில் ஐந்து பேர். முதல் அரை மணித்தியாலம் நன்றாகப் போனது. பிறகு ஒருவர் உம்முடைய படிவத்தைத் தூக்கிக் காட்டினார். "உங்கள் பங்கு நாற்பத்தைந்து வீதம். அப்படியானால் இந்தக் கட்டுரையின் தலைமை ஆய்வாளர் யார்?" என்றார். இரண்டு பேர் என்றேன். ஒருவரைச் சொல்லுங்கள் என்றார். உம்முடைய பெயரையோ என் பெயரையோ ஒன்றைச் சொல்லியிருக்கலாம். என் பெயரைச் சொல்லியிருந்தால் யார் போய் மறுக்கப் போகிறார்கள்? இரண்டு பேர் என்றே திரும்பவும் சொன்னேன். "அப்படியென்றால் நீங்கள் தனியாகச் செய்தது என்ன?" என்று கேட்டார். அதற்கும் பதில் சொன்னேன். ஆனால் அவர் அதற்குள் தாளைப் புரட்டிவிட்டார்.

இடம் இளம் பொடியன் ஒருவனுக்குப் போயிருக்கிறது. கெட்டிக்காரன், நான் குறை சொல்ல மாட்டேன். அவனுடைய படத்தில் கோடுகள் மீன் வலை மாதிரி.

வீட்டுக்கு வந்தபோது உம்மேல் கோபம் வந்தது. அறுபது போட்டிருந்தால் அந்தப் படிவத்தை நான் அங்கே காட்டியே இருக்க மாட்டேன். நாற்பத்தைந்து என்றபடியால்தான் நேர்மையாக இருக்கலாம் என்று கொண்டுபோனேன். இது நியாயமில்லாத கோபம் என்று தெரியும். ஆனாலும் அது கொஞ்ச நாள் இருக்கப் போகிறது. அதனால் நான் எழுதாமல் விட்டால் பழையபடி தொடங்கிவிட்டாள் என்று நினைக்க வேண்டாம்.

துஷா


லிங்கநகர்
19 ஜனவரி 2025

துஷா,

ஒக்டோபரில் இரண்டு வரி போட்டேன், பதில் இல்லை. பழையபடி தொடங்கிவிட்டாள் என்று நான் நினைக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்து எங்கே இருக்கிறீர், என்ன செய்கிறீர் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கும் வரவில்லை. நேர்முகத்தில் ஒன்றும் கூட்டிப் போடவில்லை. அதே ஒன்றரைப் புள்ளி. ஒரு வருடம் கழித்துத் திரும்ப விண்ணப்பிக்கலாம். நுஸ்கி என்னைக் கண்டால் வேறு பாதையில் போகிறார், தன்னுடைய பிழை மாதிரி.

நான் பெரிய மனுசி மாதிரி எழுத மாட்டேன். கடிதம் வந்த அன்று ஐம்பத்தொன்று போட்டிருக்கலாம் என்று நினைத்தேன். அடுத்த நாளும் நினைத்தேன். சிவரூபன், "போட்டிருந்தா இப்ப உனக்கு அது வேறயொரு கவலையா இருந்திருக்கும்" என்று சொன்னார். அவருக்கு என்ன தெரியும் என்று ஏசினேன்.

மழைக்குள் வளாகம் பூட்டிக் கிடந்த நாட்களில் ஒரு வேலை தொடங்கினேன். இதற்குப் புள்ளி இல்லை. நம்முடைய கட்டுரையைத் தமிழில் கொண்டுவருகிறேன். உலகம் முழுவதும் அதை வாசித்துவிட்டது. சல்லியில் ஒருவரும் வாசிக்கவில்லை, என் மாணவர்களில் பாதிப் பேராலும் வாசிக்க ஏலாது. கல்லைப் பற்றிய பகுதி கெதியாய் முடிந்தது. அது என் எழுத்து. பிறகு நீர் எழுதிய பகுதிக்கு வந்தேன்.

துஷா, அதை நான் இப்போதுதான் ஒழுங்காக வாசிக்கிறேன். அச்சில் வந்த அன்று பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடியவள் நான். மேற்கோள் காட்டும்போதும் தேவையான பக்கத்தை மட்டும் புரட்டுவேன். நம்முடைய கிணற்றடிக் கல்லை எடுத்து, கடலின் நாலு கரையிலும் இருந்த வியாபாரிகளோடு கதைக்க விட்டிருக்கிறீர். எங்கேயும் அவசரம் இல்லை. நாங்கள் அனுப்பிய முதல் பிரதி ஒரு கல்லைப் பற்றிய குறிப்பு. நீர் அதைக் கட்டுரை ஆக்கியிருக்கிறீர். நான் எழுதியிருந்தால் அப்படி வந்திராது.

மொழிபெயர்த்துப் பார்த்தேன். கருத்து வருகிறது, உம்முடைய நடை வரவில்லை. அந்தப் பகுதியை நீர்தான் தமிழில் எழுத வேண்டும். எப்போது என்றாலும் சரி.

சுலோ


உப்புவெளி
11 மார்ச் 2025

சுலோ,

மேலே எழுதிய ஊரின் பெயரைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். மூன்று நாளாக இங்கேதான் இருக்கிறேன், கடற்கரைப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில். எங்கள் குடும்பத்துப் பழைய வீட்டை விற்ற பிறகு எனக்கு இந்த ஊரில் உரிமையோடு போய்ப் படுக்க ஒரு இடம் இல்லை. பக்கத்து அறைக்காரர்கள் என்னை வெள்ளைக்காரரின் வழிகாட்டி என்று நினைத்து, புறாத்தீவுக்குப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்கிறார்கள்.

ஒப்பந்தம் முடிந்த பிறகு மொழிபெயர்ப்பு வேலைகள் செய்து ஒரு மாதிரி ஓட்டினேன். உம்முடைய ஜனவரிக் கடிதத்துக்குப் பதில் எழுதப் பல தரம் தொடங்கினேன். எழுதுவதற்குப் பதிலாக அந்தப் பகுதியைத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். இருபத்தாறு பக்கம். அதை மின்னஞ்சலில் அனுப்பலாம் என்று இருந்து, பிறகு டிக்கட் எடுத்தேன்.

நேற்றும் முந்தநாளும் ஓட்டோவில் உங்கள் வீட்டு ஒழுங்கைக்கு வந்தேன். முதல் நாள் வாசல் பூட்டியிருந்தது, நல்லதாய்ப் போயிற்று என்று திரும்பினேன். நேற்றுப் பின்னேரம் வந்தபோது ஒரு பெண்பிள்ளை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து கேற்றைத் திறந்தாள். நல்ல உயரம், வியர்த்துப்போய், தோளில் பை. உம்முடைய நெற்றி. ஓட்டோக்காரர், "இறங்கேல்லையோ அக்கா?" என்று கேட்டார். போங்கோ அண்ணை என்று கையைக் காட்டினேன்.

கடிதத்தில் உம்மோடு சண்டை பிடிக்கலாம். வாசலில் வந்து நின்றுகொண்டு என்ன கதைப்பது என்று தெரியவில்லை. இதை வாசித்துவிட்டு, வரச் சொன்னால் வருகிறேன். கெஸ்ட் ஹவுஸ் பையனிடம் கொடுத்து அனுப்பினால் விசாரணை நடக்கும் என்பதால் உங்கள் வளாகத்து நூலகத்தில் நுஸ்கியிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். அவர் என் பெயரைக் கேட்டுவிட்டு எழும்பி நின்றார்.

துஷா


லிங்கநகர்
11 மார்ச் 2025, பின்னேரம்

துஷா,

நுஸ்கி விரிவுரை நடக்கும்போதே வாசலில் வந்து நின்று கையைக் காட்டினார். கடிதத்தைத் தந்துவிட்டு, "மெடம், அவங்களேதான் வந்தாங்க" என்று இரண்டு தரம் சொன்னார். விரிவுரையை அரைவாசியில் நிற்பாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இந்தத் துண்டைக் கொண்டு வருகிறவர் சிவரூபன். அவரோடு ஏறி வா. சூட்கேசையும் எடுத்துக்கொண்டு வா. அந்த கெஸ்ட் ஹவுஸ்காரருக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதை அவர் சொல்லிக்கொள்வார்.

கஜந்தி நேற்று இரவு சாப்பிடும்போது, "அம்மா, ஓட்டோவுக்குள்ள இருந்து ஒரு அன்ரி என்னைப் பாத்து அழுதவ" என்றாள். யாரோ ஊர் தெரியாமல் வந்தவர்கள் என்று நான் கவனிக்கவில்லை. இன்றைக்கு அது யாரென்று சொன்னேன். என் சிநேகிதி என்றேன். எத்தனை வருசமாக என்று கேட்டாள். இருபத்தைந்து வருசம் என்று சொன்னேன்.

கதைக்காமல் இருந்த வருசங்களையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

சுலோ